குற்றாலம் 120, தென்காசி 24: எழுத்தை எண்ணும் மூன்று மரபுகளும் ஒரு திரைச் சித்திரமும்

குற்றாலத்துக்குச் சீசனில் வருகிற நிறையப் பேர் அருவியில் குளித்துவிட்டு, சிப்ஸ் வாங்கிக்கொண்டு, நேரே பஸ் ஏறிவிடுகிறார்கள். பேரருவியிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் சித்திர சபை இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம், குற்றாலம் சித்திரம். மற்ற நான்கு ஊர்களிலும் விக்கிரகம். இங்கே மட்டும் சுவரில் தீட்டிய ஓவியமே மூலவர். மரக்கூரை, மேலே செப்புத்தகடு, முன்னால் தெப்பக்குளம், உள்ளே சுவரெல்லாம் புராணக் காட்சிகள். படம் என்பது சாமியைக் காட்டுகிற ஒன்று இல்லை, படமே சாமி என்று ஒப்புக்கொண்ட இடம் அது.

லேப்டாப்பில் படம் செய்கிற நமக்கு இது பெரிய தைரியம். "வெறும் படம்தானே" என்று யாராவது சொன்னால் குற்றாலத்தைக் காட்டலாம்.

ஆனால் அதே தைரியத்தில் நாம் என்ன செய்கிறோம்? சிம்போசியம் போஸ்டர்களைப் பாருங்க. நடராஜருக்குப் பின்னால் கேலக்ஸி, திருவாசியைச் சுற்றி எலக்ட்ரான் பாதைகள், கீழே "முன்னோர்களுக்கு அன்றே தெரியும்". ஏஐ-யிடம் ஒரு வரி கொடுத்தால் பத்து நொடியில் வந்துவிடுகிறது. இயற்பியலையும் ஆன்மிகத்தையும் தொழில்நுட்பத்தையும் இணைக்கிற கலை உலகம் முழுக்க நடக்கிறது, நல்லதும் நடக்கிறது. அப்போ எது நல்ல இணைப்பு, எது வெறும் ஒட்டு? இந்தக் கட்டுரை அதைச் செய்து பார்க்கிற பயிற்சி. கையில் பேப்பர் வைத்துக்கொள்ளுங்க, நடுவில் கணக்கு வரும்.

முதலில் எல்லாரும் சொல்கிற உதாரணத்தை முடித்துவிடலாம். ஜெனீவாவில் துகள் இயற்பியல் ஆய்வு நடக்கும் செர்ன் வளாகத்தில் இந்திய அரசு கொடுத்த 2 மீட்டர் நடராஜர் சிலை 2004 ஜூன் மாதம் நிறுவப்பட்டது. பக்கத்துப் பலகையில் ஃபிரிட்ஜாஃப் காப்ரா, ஆனந்த குமாரசுவாமி இரண்டு பேரின் வாசகங்களும் உண்டு. காப்ரா 1975-ல் துகள்களின் நடனத்தையும் சிவ நடனத்தையும் ஒப்பிட்டுப் புத்தகம் எழுதிய இயற்பியலாளர். குமாரசுவாமி அவருக்கு இரண்டு தலைமுறை முந்தியவர். 1877-ல் கொழும்பில் பிறந்த ஈழத் தமிழர். கலை வரலாற்றாளராக ஆவதற்கு முன் அவர் நிலவியலாளர், இலங்கையின் கனிம ஆய்வை நடத்தியவர். தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமத்தின் கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு. கதிரியக்கத்தைக் கையால் தொட்ட அந்த மனிதர், சிவ நடனம் பற்றி எழுதும்போது "இதுதான் கதிரியக்கம்" என்று எழுதவில்லை. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அவர் நடனத்தை நடனமாகத்தான் படித்தார்.

செர்ன் சிலை ஒரு உவமை. உவமையாக அது அழகு. உவமையைக் கண்டுபிடிப்பு என்று சொல்லும்போதுதான் கெட்டுப்போகிறது. நான் பயன்படுத்துகிற சோதனை எளிமையானது: இரண்டு பக்கமும் ஒரே கணக்கு ஓடுகிறதா? ஓடினால் உறவு விதியில் இருக்கிறது. ஓடவில்லை என்றால் உவமையில் இருக்கிறது. இரண்டையும் படமாக்கலாம், ஆனால் எது எது என்று செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு நமக்குப் பழக்கமில்லாத ஒரு மரபை எடுப்போம். பழகியதில் பக்தி குறுக்கே வரும், இல்லையென்றால் கிண்டல் குறுக்கே வரும். யூதர்களின் மறைஞான மரபான கபாலாவை எடுத்துக்கொள்ளலாம். (மயிலாப்பூர்க் கபாலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எபிரேய மொழியில் "பெற்றுக்கொண்டது" என்று பொருள்.)

ரொம்ப தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். தென்காசியிலிருந்து செங்கோட்டை, புனலூர் வழியாகப் போகிற ரயில்பாதை கொல்லத்தில் முடிகிறது. அந்தக் கொல்லத்தில் 849-ல் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவப் பள்ளிக்கு உரிமைகள் கொடுத்து எழுதிய செப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. உள்ளடக்கம் வட்டெழுத்தில். சாட்சிக் கையெழுத்துகள் அரபு, பாரசீக பஹ்லவி, எபிரேயம் என்று மூன்று எழுத்துகளில். நம் பழைய எழுத்தும் எபிரேய எழுத்தும் ஒரே செப்பேட்டுத் தொகுதியில் 1,100 வருஷத்துக்கு மேலாக ஒன்றாக இருக்கின்றன.

கபாலாவில் இயற்பியலோடு இணைக்க எல்லாரும் முதலில் எடுப்பது "ட்சிம்ட்சும்". 16-ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த ஐசக் லூரியா சொன்னது: எல்லையில்லாதது தன்னைச் சுருக்கிக்கொண்டு இடம் விட்டது, அந்த வெற்றிடத்தில் உலகம் வந்தது. உடனே பெருவெடிப்பு என்று போஸ்டர் அடிக்கிறார்கள். நம் சோதனையைப் போடுங்க. பெருவெடிப்புக் கோட்பாட்டிலிருந்து ஹைட்ரஜன், ஹீலியம் விகிதத்தைக் கணக்கிடலாம், பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சின் வெப்பநிலையை அளந்து ஒப்பிடலாம். ட்சிம்ட்சுமிலிருந்து எந்த எண்ணும் வராது, வர வேண்டியதும் இல்லை. அது வேறு கேள்விக்கு வேறு பதில். ஆக, உவமை. படம் செய்யலாம், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளணும்.

இனி வருவதுதான் விஷயம். கபாலாவுக்கு முந்தைய வேர் நூல்களில் ஒன்று "செஃபர் யெட்சிரா", உருவாக்கத்தின் நூல். சின்ன நூல். 931-லேயே சாதியா காவோன் அதற்கு உரை எழுதிவிட்டார், ஆக நூல் அதைவிடப் பழசு. உலகம் 10 எண்களாலும் 22 எபிரேய எழுத்துகளாலும் செதுக்கப்பட்டது என்பது அதன் மையம். அதோடு விட்டால் பரவாயில்லை, அந்த நூல் எண்ணவும் ஆரம்பிக்கிறது. எழுத்துகளைக் கற்கள் என்கிறது, அவை சேர்ந்த சொற்களை வீடுகள் என்கிறது. 2 கற்களால் 2 வீடு, 3 கற்களால் 6, 4 கற்களால் 24, 5-க்கு 120, 6-க்கு 720, 7-க்கு 5,040. அதற்கு மேல் வாய்க்கும் காதுக்கும் எட்டாததை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறது.

ப்ளஸ் டூ-வில் படித்த ஃபேக்டோரியல்தான். இன்னொன்றும் இருக்கிறது. 22 எழுத்துகளை வட்டத்தில் வைத்து ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஜோடி சேர்த்தால் 231 வாசல்கள் என்கிறது. 22 × 21 ÷ 2 = 231. சரியான விடை. வட்டத்தில் 22 புள்ளி வைத்து எல்லா ஜோடிக்கும் கோடு போடுங்க. முழு இணைப்புள்ள வரைபடம் திரையில் மலர்ந்து நிற்கும். இரண்டு லூப் போதும்.

இதே படத்தைத் தமிழுக்குச் செய்தால் என்ன ஆகும்? 30 முதலெழுத்தை வட்டத்தில் வைத்து 435 கோடு போடுவது எளிது, ஆனால் அது தமிழ் இல்லை. எபிரேயத்தின் 22-ம் மெய்கள், எல்லாம் ஒரே இனம், அதனால் யாரும் யாரோடும் சேரலாம். தமிழில் இரண்டு இனம். 12 உயிர் ஒரு வரிசை, 18 மெய் எதிர் வரிசை. எழுத்து பிறப்பது இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்குப் போகிற கோட்டில் மட்டும். 12 × 18 = 216 கோடு, 216 உயிர்மெய். கிராஃப் தியரி படித்தவர்களுக்கு இது இருபகுதி வரைபடம் என்று தெரிந்திருக்கும். எந்தக் கோடும் தொடாமல் தனியாக நிற்கிற ஒற்றைப் புள்ளி ஃ. மொத்தம் 247.

உயிர், மெய் என்ற பெயர்களைக் கவனியுங்க. மெய் என்றால் உடம்பு. ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிச் சொல்லி நமக்கு மரத்துப்போன சொற்கள். எபிரேய மரபு எழுத்தை எடுத்துத் தத்துவம் பேசியது. நம் இலக்கணம் பெயர் வைக்கும்போதே தத்துவத்தை உள்ளே வைத்துவிட்டது, ஆனால் சத்தம் போடவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டாலே ஒரு நல்ல வேலை ஆகிவிடும்.

சரி, இயற்பியல் எங்கே?

பேனாவை எடுங்க. தென்காசி: தெ, ன், கா, சி. 4 கற்கள், 24 வீடுகள். குற்றாலம்: கு, ற், றா, ல, ம். 5 கற்கள், 120 வீடுகள். நூலில் உள்ள அதே எண்கள். குற்றாலத்தின் 120 வரிசையையும் திரையில் எழுதச் சொல்லுங்க. லம்றாகுற், ம்குறாற்ல என்று வாயில் நுழையாத கூட்டம்.

இப்போது நன்னூலை உள்ளே விடுங்க. முதல் விதி: தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது, றகரத்திலும் லகரத்திலும் தொடங்காது. (லாரி, லட்டு எல்லாம் விருந்தாளிகள்.) நம் ஐந்தில் முதலில் நிற்கத் தகுதி கு-வுக்கு மட்டும். ஒரே அடியில் 96 அணைந்து 24 மிஞ்சுகிறது. இரண்டாவது: சொல்லுக்குள் ற் வந்தால் அடுத்து ற அல்லது க, ச, ப வர்க்கம்தான் வரலாம், சொல்லின் கடைசியிலும் ற் நிற்காது. ஆக ற் போகிற இடமெல்லாம் றா பின்னாலேயே போகணும். 24 இப்போது 6: குற்றாலம், குற்றாம்ல, குலற்றாம், குலம்ற்றா, கும்ற்றால, கும்லற்றா. மூன்றாவது: ம் அடுத்து ம, ப, ய, வ வர்க்கம் மட்டும். நம்மிடம் அவை எதுவும் இல்லை, எனவே ம் கடைசியில்தான் நிற்க முடியும். மிஞ்சியது இரண்டு.

குற்றாலம். குலற்றாம்.

120-ல் 2. எனக்கு முதல் தடவை இது வந்தபோது விதியை எங்கேயோ தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று திரும்ப எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஊர்ப்பெயர் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு இது விளக்கம் இல்லை, அந்தப் பக்கம் போய்விடாதீங்க. இது ஒரு மொழி தனக்குள்ளே எவ்வளவு இடத்தை மூடி வைத்திருக்கிறது என்பதன் அளவு.

தென்காசியை உங்களுக்கே விடுகிறேன். குறிப்பு: ன் முதலில் வராது, ன் அடுத்து தகர வர்க்கம் வராது, குறில் எகரம் ஏறிய எழுத்து சொல்லின் கடைசியில் நிற்காது. 24-ல் 12 மிஞ்சணும். நான்கு கல் ஊருக்கு 12, ஐந்து கல் ஊருக்கு 2. நீளம் கூடினால் சுதந்திரமும் கூடும் என்று நினைத்தால், இல்லை.

இந்த எண்ணிக்கையைத்தான் லுட்விக் போல்ட்ஸ்மன் 1877-ல் வாயுக்களுக்குச் செய்தார். வெளியிலிருந்து பார்த்தால் அதே அழுத்தம், அதே வெப்பம், அதே கன அளவு. உள்ளே மூலக்கூறுகள் எத்தனை விதமாக அடுங்கியிருக்கலாம்? அந்த எண்ணிக்கையின் மடக்கைதான் என்ட்ரோபி. வியன்னாவில் அவர் கல்லறையில் செதுக்கியிருப்பது அந்தச் சமன்பாடுதான். கட்டுப்பாடு போட்டால் எண்ணிக்கை விழும். பெட்டியின் கன அளவைப் பாதியாக்கினால் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இடம் பாதி, மொத்த எண்ணிக்கை இரண்டின் அடுக்கில் சரியும். நாம் நன்னூல் விதி போட்டபோது 120 சரிந்ததும் அதே வேலை. 1948-ல் கிளாட் ஷானன் தகவலுக்கு இதே வடிவச் சூத்திரத்தை எழுதி, அதற்கும் என்ட்ரோபி என்றே பெயர் வைத்தார். 120 வாய்ப்பு என்றால் சுமார் 6.9 பிட். 2 வாய்ப்பு என்றால் 1 பிட். இலக்கணம் தெரிந்தவரிடம் இந்த ஐந்து எழுத்தைக் கொடுத்தால், குற்றாலமா குலற்றாமா என்று ஒரே ஒரு ஆம்-இல்லை கேள்விதான் பாக்கி.

சோதனை இங்கே தேறுகிறது: செஃபர் யெட்சிரா, நன்னூல், போல்ட்ஸ்மன், ஷானன் எல்லாரிடமும் ஓடுவது அடுக்குகளை எண்ணுகிற ஒரே கணக்கு. யாரும் யாரையும் முன்கூட்டியே "அறிந்திருக்க" வேண்டியதில்லை. அந்தப் பழைய நூலை எழுதியவருக்கு என்ட்ரோபி தெரியாது, போல்ட்ஸ்மனுக்கு நன்னூல் தெரியாது.

அருவிக்கும் இதில் இடம் உண்டு. 60 மீட்டர் விழுகிற நீரின் ஆற்றல் முழுக்க வெப்பமானால் அடியில் நீர் சுமார் 0.14 டிகிரி செல்சியஸ் சூடாகும். ஜேம்ஸ் ஜூல் தேனிலவுக்குப் போன இடத்திலும் அருவியின் மேலும் கீழும் தெர்மாமீட்டரோடு திரிந்தார் என்று வில்லியம் தாம்சன் ஒரு கதை சொல்லியிருக்கிறார். பேரருவியில் பொங்குமாங்கடல் நடுவில் வாங்கி விழுகையை உடைத்துவிடுகிறது, சாரலும் காற்றும் குளிர்த்துவிடுகின்றன, அதனால் அளக்கப் போய் ஏமாற வேண்டாம். ஆனால் சிதறிய துளிகள் திரும்ப ஒரு தாரையாகி மேலே ஏறாததற்குக் காரணம் அதே எண்ணிக்கைதான். சிதறிக் கிடக்கிற விதங்கள் அவ்வளவு அதிகம்.

கணினிக்கு வருவோம். எழுத்தை ஒரு சரமாகக் கொடுத்துக் கலைக்கச் சொன்னால் நாசமாகும். பைத்தானில் "குற்றாலம்" நீளம் கேளுங்க, 9 என்று சொல்லும். க, உகரக் குறி, ற, புள்ளி, ற, ஆகாரக் குறி, ல, ம, புள்ளி. யூனிகோடில் மெய் அடிப்படை இல்லை. அகரம் ஏறிய உயிர்மெய்தான் அடிப்படை, அதன்மேல் புள்ளி வைத்தால்தான் மெய் பிறக்கிறது. இலக்கணத்துக்கு நேர் எதிர்! ற-வும் புள்ளியும் இரண்டு தடவை வருவதால் 9 குறிகளின் வேறுபட்ட அடுக்குகள் 90,720. அதில் பெரும்பாலானவை, உட்கார எழுத்தில்லாமல் அந்தரத்தில் தொங்கும் குறிகள், திரையில் புள்ளி வட்டமாகத் தெரியும். எழுத்துகளைப் பட்டியலாகப் பிரித்துக் கொடுங்க. ஜாவாஸ்கிரிப்ட் என்றால் இன்டல் செக்மென்டர் இந்த வேலையைச் செய்யும். ஆனால் அந்த 90,720-ஐயும் ஒரு தனிப் படமாக ஓட விடலாம் என்பது என் ஆசை: உயிர் இல்லாத மெய், மெய் தேடுகிற உயிர்க்குறி.

கபாலா மரபில் இதற்கு ஒரு கதாபாத்திரமே உண்டு. களிமண் மனிதன் கோலெம், எழுத்துகளை அடுக்கி உயிர் கொடுக்கப்பட்டவன். நெற்றியில் "எமெத்", உண்மை. முதல் எழுத்தை அழித்தால் "மெத்", இறந்தவன். ஒரு கேரக்டர் அழிந்தால் ப்ரோக்ராம் விழுவது நமக்குப் புதிதா என்ன. 1965-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் புதுக் கணினி ஒன்று கட்டியபோது, கபாலா ஆய்வின் பெரிய வரலாற்றாளர் கெர்ஷோம் ஷோலம் யோசனைப்படி அதற்கு வைத்த பெயர் "கோலெம் ஆலெஃப்". திறப்பு விழாவில் அவரே பேசினார். (கோலெமும் கோலமும் ஒன்றா என்று கேட்காதீங்க, ஒலி ஒற்றுமை மட்டும்தான். ஆனால் கோலத்துக்கும் கணினிக்கும் நிஜ உறவு இருக்கிறது: தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து, கோலங்களை இலக்கண விதிகளால் உருவாக்கும் முறையை 1974-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதுவும் விதி வகை உறவு.)

கலைஞர்களில் மெல் அலெக்சன்பெர்க்கைப் பாருங்க. எபிரேயத்தில் தேவதூதன், கலைவேலை என்ற இரண்டு சொற்களும் ஏறக்குறைய ஒரே எழுத்துகளால் ஆனவை. அதைப் பிடித்துக்கொண்டு, ரெம்பிராண்ட் வரைந்த தேவதூதனைக் கணினியில் ஏற்றி, ஓவியர் இறந்த 320-ஆம் ஆண்டு நாளான 1989 அக்டோபர் 4 அன்று, நியூயார்க்கிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஆம்ஸ்டர்டாம், ஜெருசலேம், டோக்கியோ, லாஸ் ஏஞ்சலஸ் சுற்றித் திரும்ப நியூயார்க்குக்கே அனுப்பினார். தேவதூதன் என்பவன் செய்தி கொண்டுபோகிறவன். படம் நிஜமாகவே சிக்னலாகப் போய்வந்தது. கேலக்ஸி பின்னணி தேவைப்படவில்லை.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது இது. கறுப்புத் திரையில் குற்றாலத்தின் 120 அடுக்கும் ஒன்றாகத் தெரியட்டும். பார்ப்பவர் ஒரு பட்டனைத் தொட்டால் ஒரு விதி ஓடட்டும்: 24, 6, 2. ஓரத்தில் பிட் கணக்கு 6.9-லிருந்து 1 வரை இறங்கட்டும். பக்கத்துத் திரையில் 22 எபிரேய எழுத்து, வலமிருந்து இடமாக, நொடிக்கு ஓர் அடுக்கு. அதற்கு எந்த விதியும் போட வேண்டாம். விளக்க அட்டையில் என்ன எண்ணினீர்கள், எந்த விதி போட்டீர்கள் என்று மட்டும் எழுதுங்க. லாரி, லட்டுவை அனுமதித்தால் எண்ணிக்கை மாறும் என்றும் எழுதுங்க, யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

குற்றாலத்தின் 120-ஐ நொடிக்கு ஒன்றாகக் காட்ட 2 நிமிடம். 7 எழுத்தின் 5,040-க்கு 84 நிமிடம், இரண்டு பீரியட். அந்தப் பக்கத்துத் திரையில் 22 எழுத்தின் அடுக்குகள் ஓடி முடிய சுமார் 35 லட்சம் கோடி வருஷம் ஆகும், பிரபஞ்சத்தின் வயதைப்போல் 2,500 மடங்குக்கும் மேல். ஆடிட்டோரியத்தை எத்தனை மணி வரை திறந்து வைப்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்க.